பேஸ்மட்டம் ரெண்டரை அடி

நவம்பர் 3, ஞாயிறு

இன்று மதியம் இரண்டே முக்காலுக்கு எங்கள் ஹாலில் கூடியிருந்தவர்கள்: நான், சுகிர்தம். என் வீட்டுக்காரர் ஞானதிரவியம். காரமடையிலிருந்து வந்து குன்னூரில் வேலை பார்க்கும் வெள்ளிங்கிரி கொத்தனார். நாற்காலி போட்டும் உட்காராமல் கதவோரம் நின்றார். போதகர் ஐயா; ஜெபிக்க வந்தவர், சாப்பிடச் சொன்னதும் சாப்பிட்டார். லண்டனிலிருந்து போன் வழியாக மகன் கிப்சன். அவன் பக்கத்தில் மருமகள் ஷைனியின் முழங்கை. கர்த்தர் எல்லா இடத்திலும் இருக்கிறபடியால் தனியாகக் குறிக்கவில்லை.

லண்டனில் அப்போது காலை ஒன்பதேகால். கோயிலுக்குப் புறப்படுகிற நேரம். கிப்சன் இரவு உடையில் இருந்தான். 

பேசிய விஷயம்: வீட்டுக்குக் கீழே இருக்கும் ரூமின் மண்தரையைத் தோண்டி இறக்குவது. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. ரோட்டுப் பக்கம் நாலு படி ஏறி உள்ளே வர வேண்டும். பின்பக்கம் இறக்கம். அங்கே ஹாலுக்கு நேர் கீழே பன்னிரண்டுக்குப் பத்தில் ஒரு ரூம். விறகு, கிழங்கு மூட்டை, உடைந்த தையல் மெஷின் எல்லாம் அதில்தான். உயரம் ஐந்தரை அடி. வீட்டுக்காரர் ஐந்தடி எட்டு அங்குலம்.

"பேஸ்மென்ட் இப்ப எத்தனை அடி இருக்கு?" என்று கிப்சன் கேட்டான்.

"பேஸ்மட்டம் ரெண்டரை அடிங்க தம்பி" என்றார் கொத்தனார்.

"வெறும் ரெண்டரையா!"

"ரெண்டரையே நல்ல பேஸ்மட்டமுங்க. பக்கத்து ஊட்டுக்கு ரெண்டுதான்."

"அதெல்லாம் பத்தாது. ஏழு அடி இருந்தாத்தான் ரூம்னு ஒத்துக்குவாங்க. அப்ப இன்னும் நாலரை அடி இறக்கிடுங்க."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "நாலரைங்களா?"

"நாலரை."

"ஆகட்டுங்க."

"ரூம் ஐந்தரை அடி இருக்கே" என்றேன், டீ டம்ளர்களை வைத்துக்கொண்டே. வீட்டுக்காரர், "ஏளா, இன்ஜினியர் பேசிட்டிருக்கான்லா" என்றார். உண்மைதான். கிப்சன் இன்ஜினியர். கம்ப்யூட்டர் இன்ஜினியர்.

எதற்காக இந்த வேலை என்று போதகர் ஐயா கேட்டார். "அம்மாவுக்கு ஒரு ஜெப அறை" என்று கிப்சன் சொன்னான். வீட்டுக்காரர் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். போதகர் ஐயா மனம் உருகிப் பதினோரு நிமிடம் ஜெபித்தார். எட்டாவது நிமிடம் போன் கட்டாகிவிட்டது.

நவம்பர் 4, திங்கள்

கொத்தனாரும் சித்தாள் பாப்பாத்தியும் வந்தார்கள். மலையில் பொக்லைன் இறக்க அனுமதி வேண்டுமாம். அதனால் மண்வெட்டி, கடப்பாரை, சட்டி. வெளியே போன மண் 96 சட்டி. பின்னால் மேரக்காய்ப் பந்தலுக்குப் பக்கத்தில் கொட்டினார்கள். சட்டிக்கு ஒரு கோடு என்று நான் எழுதுவதைப் பார்த்து பாப்பாத்தி, "எதுக்குங்கம்மா இது, நாங்க என்ன மண்ணத் திருடிட்டா போறோம்?" என்று சிரித்தாள். எனக்கு எதையும் எண்ணினால்தான் நடந்தது மாதிரி இருக்கும் என்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

118 சட்டி.

பதினோரு மணி டீயின்போது கேட்டேன். "கொத்தனாரே, பேஸ்மட்டம்னா எது?"

"இதென்னங்கம்மிணி கேள்வி? தரைக்கு மேல கல்லுக் கட்டி வீட்டத் தூக்கி வெச்சிருக்குதில்லங்க, அந்த உசரம். முன்னால நாலு படி ஏறி வாரீங்கள்ல, அதானுங்க பேஸ்மட்டம்."

"அப்போ இந்த ரூம்?"

"இது கீழ் ரூமுங்க."

டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கிப்சன் படித்து முடித்த பிறகு அவன் டிக்‌ஷனரியை நான் எடுத்துக்கொண்டேன். பேஸ்மென்ட் என்றால் நிலத்துக்குக் கீழுள்ள அறை என்று போட்டிருக்கிறது. கிப்சன் கேட்டது கீழே இருக்கும் அறையை. கொத்தனார் சொன்னது தரைக்கு மேலே நிற்கிற கல்கட்டை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் கேள்விக்குச் சரியாகவே பேசியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு வேளையில் வீட்டுக்காரரிடம் விளக்கினேன். "ஏழு அடிக்கு ஒன்றரை இறக்கினால் போதும். நாலரை இறக்கினால் ரூம் பத்து அடி ஆகிவிடும். யார் பத்து அடி இருக்கிறார்கள்?"

"லண்டன்ல எல்லாம் உசரமாத்தான் கட்டுவாங்க."

"இது குன்னூர்."

"நீ ரசத்த ஊத்து."

கிப்சனுக்கும் விவரமாகத் தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

நவம்பர் 6, புதன்

மழை. 0 சட்டி.

நவம்பர் 8, வெள்ளி

நேற்று 121, இன்று 109.

கிப்சன் ஒரு பத்திரத்தை அனுப்பியிருக்கிறான். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். எட்டுப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். வீடு என் பெயரில் இருக்கிறது. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த என் அப்பா கட்டி, ஒரே மகள் என்று எனக்கு எழுதிக்கொடுத்தது.

"கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றார்.

"படித்துவிட்டுப் போடுகிறேன்."

"அதுல படிக்க என்ன இருக்கு?"

"எட்டுப் பக்கம் இருக்கிறதே."

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். புரியாத வார்த்தைக்கு அடியில் பென்சில் கோடு. முதல் பக்கத்தில் கோடு இல்லாத இடம் என் பெயர்தான்.

நவம்பர் 9, சனி

104 சட்டி. இதுவரை மொத்தம் 548. ரூம் சரியாக ஏழு அடி ஆகிவிட்டது. நாலு மூலையிலும் டேப் வைத்துப் பார்த்தேன். "இதோடு நிறுத்தலாமே" என்றேன். வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். அவர் முப்பத்து மூன்று வருடம் ஒரு அலுவலகத்தில் கட்டடப் பிரிவு எழுத்தராக இருந்தவர். ஒரு கட்டடத்துக்கும் நேரில் போனதில்லை. எல்லாக் கட்டடத்தையும் காகிதத்தில் கட்டியிருக்கிறார். காகிதத்தில் இப்படி இருந்தது: "மேற்படி தரையினை நாலரை அடி தாழ்த்திட ஒப்புதல் அளிக்கப்படுகிறது." கீழே கையெழுத்து, தேதி. கொத்தனார் அதை இரண்டு கையாலும் வாங்கி மடித்துக்கொண்டார்.

சாயங்காலம் உடைந்த குடையின் கம்பியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சுவரோரமாக மண்ணில் குத்திப் பார்த்தேன். முதலில் கல் தட்டியது. நாலு அங்குலத்துக்குக் கீழே கல் இல்லை, கம்பி சரேலென்று உள்ளே போனது. எட்டு இடத்தில் குத்தினேன். எட்டிலும் அப்படியே. அஸ்திவாரம் இன்னும் நாலு அங்குலத்தில் முடிகிறது. அதற்குக் கீழே தோண்டினால் சுவர் எதன்மேல் நிற்கும்?

நவம்பர் 11, திங்கள்

கொத்தனாரிடம் கம்பியைக் காட்டினேன்.

"தெரியுமுங்க அம்மிணி. கல்லுக்குக் கீழ போனா செவுரு உக்காந்துரும்."

"தெரிந்துமா தோண்டுகிறீர்கள்?"

"சார் எழுதிக் குடுத்துட்டாருங்களே."

பாப்பாத்தி மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "அந்தச் சீட்ட செவுத்துக்கு அடியில சொருகிட்டா நிக்குமுங்களா மேஸ்திரி?" என்றாள்.

பிறகு மூன்று பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சுவரிலிருந்து சுற்றிலும் மூன்றடி விட்டுவிட்டு நடுவில் மட்டும் தோண்டுவது. ஆறடிக்கு நாலடி. சார் டேப்பை நடுவில்தான் வைத்துப் பார்ப்பார் என்று நான் சொன்னேன். பொய் இல்லை. அவர் எதையும் ஓரத்தில் போய்ப் பார்க்கிறவர் இல்லை.

74 சட்டி. மூவருக்கும் சேர்த்து உளுந்தவடை.

நவம்பர் 13, புதன்

நேற்று 81, இன்று 68. பழைய தரையிலிருந்து நடுக்குழி நாலரை அடி ஆகிவிட்டது. வீட்டுக்காரர் டேப்பை நடுவில் வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

நாலு மணிக்கு போதகரம்மா வந்தார்கள். டிசம்பரில் தங்கை குடும்பம் வருகிறதாம், தங்க இடம் தேடும்போது போனில் ஒன்றைப் பார்த்தார்களாம். "இது உங்க வீடு மாதிரியே இருக்கேக்கா?" என்று காட்டினார்கள். நம் வீடுதான். என் கட்டில், அதன்மேல் நான் துண்டுத் துணி சேர்த்துத் தைத்த விரிப்பு. மலைச்சரிவில் அமைதியான பழைய வீடு, இரண்டு படுக்கையறை, முழு வீடும் விருந்தினருக்கே. கடைசி வரியில் 'கேர்டேக்கர் கப்பிள்' கீழ்த்தளத்தில் வசிக்கிறார்கள், வீட்டுச் சாப்பாடு சமைத்துத் தருவார்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே வீட்டுக்காரரின் போன் நம்பர்.

போதகரம்மா டீயைக் குடித்தார்கள். அவர்கள் போன பிறகு டிக்‌ஷனரியைப் பார்த்தேன். கேர்டேக்கர்: பராமரிப்பாளர், காவலாள். வேலைக்காரர் என்று கிப்சன் போடவில்லை. ஸ்தோத்திரம்.

நவம்பர் 14, வியாழன்

பத்திரத்தில் ஏழாம் பக்கம். வீட்டை வாடகைக்கு விடும் உரிமை கிப்சனுக்கு என்று இருக்கிறது.

நவம்பர் 16, சனி

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பத்து மணிக்குப் போய் மூன்று மணிக்கு வந்தேன். அதற்குள் வீட்டுக்காரர் கீழே இறங்கியிருக்கிறார். சுற்றிலும் விட்டிருந்த மண்ணைப் பார்த்து, "இது என்ன, பார்க் பெஞ்ச் மாதிரி?" என்று கேட்டிருக்கிறார். கொத்தனார் சொல்லிப் பார்த்திருக்கிறார். இவர் இரண்டாவதாக ஒரு ஒப்புதல் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரோட்டுப் பக்கச் சுவரோரம் ஆறடி நீளத்துக்கு வெட்டி எடுத்திருக்கிறார்கள், கல் முடிகிற இடத்துக்கும் கீழே ஒன்றரை அடி. 62 சட்டி என்று பாப்பாத்தி எனக்காகக் கரியால் கதவில் கோடு போட்டு வைத்திருந்தாள்.

ஹால் சுவரில் ஒரு விரிசல். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே போகிறது. நீளம் இரண்டு அடி ஒரு அங்குலம். இரண்டு முனையிலும் பென்சிலால் குறி வைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து விடாத மழை. ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் ஹாலில் காலண்டர் இடம் மாறியிருந்தது. இருபது வருடமாகச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கியது. இப்போது ஜன்னல் மூலையில், யாரும் தேதி பார்க்க முடியாத உயரத்தில் தொங்குகிறது. வெளிச்சம் நன்றாக விழும் என்று வீட்டுக்காரர் மாற்றினாராம். காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு அடி ஆறு அங்குலம்.

இரண்டே முக்காலுக்குக் கிப்சன் போனில் வந்தான். வேலை எப்படி நடக்கிறது, காட்டுங்க என்றான். வீட்டுக்காரர் போனோடு கீழே போனார். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். சரிவில் வந்த தண்ணீரெல்லாம் கதவு வழியாக உள்ளே போய் நடுக்குழி நிறைந்து நின்றது.

"அப்பா, அது என்ன? பூலா?"

வீட்டுக்காரர் குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"வாவ்!" என்றாள் ஷைனி. மூன்று வாரமாக அவள் குரலை நான் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள்.

நவம்பர் 18, திங்கள்

விளம்பரத்தில் பூல் என்றும் சேர்த்தாகிவிட்டது என்று போதகரம்மா போன் பண்ணிச் சொன்னார்கள். பாப்பாத்தியும் நானும் பூலை வாளியால் இறைத்தோம். 143 வாளி. ஒரு தவளை.

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் வாசல் கதவு சாத்த வரவில்லை. நிலை இறங்கியிருக்கிறது. காலண்டருக்கு வெளியேயும் விரிசல் எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்காரர் கதவைத் தோளால் இரண்டு முறை இடித்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாம் கீழே குடிபோகிறோம் என்று உங்களுக்கு முதலிலேயே தெரியும்."

"ஜெப அறைன்னு சொன்னது பொய் இல்ல, சுகிர்தம். ஜெபமும் பண்ணலாம். படுக்கவும் செய்யலாம்."

"மேலே வந்து சமைக்கவும் செய்யலாம்."

எதிரே பால் வண்டி போயிற்று.

"உனக்கு வீடு பெருசு. கூட்டவே உனக்கு இடுப்பு வலிக்குன்னு..."

"என் இடுப்பை விடுங்கள்."

"அவன் கேட்டான். நான் எப்படிட்டி மாட்டேங்க முடியும்? ஒத்தப் பிள்ளை. வாரத்துக்கு ஒருக்க, ஞாயித்துக்கிழமை, பத்து நிமிஷம் பேசுதான். வேண்டாம்னு சொல்லி, அவன் அதையும் நிறுத்திட்டான்னா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் இந்த மனிதர் பயந்து நான் பார்த்தது இரண்டு தடவை. ஒன்று கிப்சனுக்கு டைஃபாய்டு வந்தபோது.

"கொத்தனாருக்குப் போன் போடுங்கள்" என்றேன். "இந்தத் தடவை நான் பேசுகிறேன். எழுதிக்கொடுக்க வேண்டாம்."

நவம்பர் 20, புதன்

கொத்தனாரும் பாப்பாத்தியும் வந்தார்கள். ஹாலுக்கு அடியில் உத்திரத்துக்கு நாலு முட்டு கொடுத்தார்கள். வெட்டிய ஆறடியையும் ஒரே நேரத்தில் கட்டக்கூடாதாம். முதல் இரண்டடிக்குக் கல் கட்டி மேலே இறுக்கமாகச் செருக வேண்டும். மற்ற இடத்தில் மண்ணை இடித்து நிரப்பி வைத்து, மூன்று நாள் ஆற விட்டு, ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துக் கட்ட வேண்டும்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?" என்று வீட்டுக்காரர் கொத்தனாரிடம் கேட்டார்.

"சொன்னனுங்க சார். நீங்க பேனாவத் தேடிட்டு இருந்தீங்க."

நவம்பர் 24, ஞாயிறு

இரண்டாவது துண்டு நேற்றுக் கட்டியாகிவிட்டது. விரிசல் புதன்கிழமையிலிருந்து நகரவில்லை. ஸ்தோத்திரம்.

கிப்சன் சரியாக இரண்டே முக்காலுக்கு வந்தான். வீட்டுக்காரர் மழையைப் பற்றி நாலு நிமிடமும் பனியைப் பற்றி மூன்று நிமிடமும் பேசினார். "அம்மா கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கிப்சன் கேட்டது சமையலறை வரை கேட்டது. "படிச்சிட்டிருக்கா" என்றார். பத்திரத்தைப் படித்து முடித்து ஒன்பது நாள் ஆகிறது. அவருக்கும் தெரியும்.

நவம்பர் 30, சனி

வேலை முடிந்தது. கடைசித் துண்டும் கட்டியாயிற்று. நடுக்குழியை மூடியாயிற்று. ரூம் எல்லா இடத்திலும் ஏழு அடி. குழியிலிருந்து எடுத்த மண் 223 சட்டி. அதே குழிக்குள் திரும்பப் போட்டது 231. அந்த எட்டுச் சட்டி எப்படி என்று கேட்டேன். "இடிச்சுக் கெட்டிப்படுத்துனா அப்படித்தானுங்க அம்மிணி" என்றார் கொத்தனார். வீட்டுக்காரர் ஆள் வைக்காமல் தானே விறகை உள்ளே அடுக்கினார். விறகுக்கு ஏழு அடி தாராளம்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டுக்காரரின் போன் அடித்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். எடுத்தேன்.

"கேர்டேக்கர் அம்மாவா?" பெங்களூரிலிருந்து ஒரு பெண். தமிழ் நன்றாகப் பேசினாள். இருபத்து நாலாம் தேதி ஆறு பேர் வருகிறார்களாம், மூன்று நாள். "பூல்ல சுடுதண்ணி வருமாம்மா? குழந்தைங்க இருக்காங்க."

"நான் வீட்டுக்காரம்மா பேசுகிறேன்" என்றேன். எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. "இங்கே பூல் இல்லை. வீடும் வாடகைக்கு விடுவதில்லை. விளம்பரம் போட்டவனிடம் உங்களுக்குச் சொல்லச் சொல்கிறேன். வேறு நல்ல இடம் பார்த்துக்கொள்ளுங்கள், பெருநாள் சமயம், சீக்கிரம் நிறைந்துவிடும்."

அந்தப் பெண் பாவம், மன்னிப்புக் கேட்டாள்.

வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இரண்டரைக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டே முக்கால் ஆயிற்று. மூன்று ஆயிற்று. பெங்களூர்க்காரர்கள் அதற்குள் கிப்சனுக்குச் சொல்லியிருப்பார்கள். நாலு மணிக்கு, "சிக்னல் இல்ல போல" என்றார். போனில் நாலு கோடும் இருந்தன.

டிசம்பர் 2, திங்கள்

கிப்சனுக்கு எழுதிய கடிதம். தபாலிலும் போட்டேன், படம் எடுத்துப் போனிலும் அனுப்பினேன். நகல் இங்கே:

அன்புள்ள மகன் கிப்சனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் ஷைனியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

கீழ் ரூம் நீ கேட்டபடி ஏழு அடி ஆகிவிட்டது. அது ரெண்டரை அடி என்று நீ நினைத்தது தப்பு. உன் மேல் தப்பில்லை, வார்த்தை அப்படி. ஆனால் அம்மா ஐந்தரை என்று சொன்னேன், எழுதியும் அனுப்பினேன். நீ படிக்கவில்லை. அதனால் நம் வீடு நாலு நாள் அந்தரத்தில் நின்றது. வாசல் கதவு இன்னும் முழுதாகச் சாத்தவில்லை.

பத்திரம் எட்டுப் பக்கமும் படித்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். கோபம் ஒன்றும் இல்லை என்று எழுத நினைத்தேன். கோபம் இருக்கிறது. நானும் அப்பாவும் மேலேதான் இருப்போம். நீங்கள் வரும்போது உன் ரூமில் நீங்கள் படுத்துக்கொள்ளலாம். சமைத்துத் தருவேன், அதை நீ விளம்பரத்தில் போட்டிருக்க வேண்டியதில்லை. பெங்களூர்க்காரர்களை நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீயும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

நேற்று நீ பேசவில்லை. அப்பா நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொன்னது நான். என்னோடு பேச மனமில்லையென்றால் என்னோடு பேச வேண்டாம், அவரோடு பேசு. நான் அந்த நேரம் கீழே விறகு எடுக்கப் போய்விடுகிறேன்.

இரண்டு விஷயத்துக்குப் பதில் வேண்டும். விளம்பரத்தை எடுத்துவிட்டாயா? இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடுவாயா? கட்டைவிரல் படம் போதாது, வார்த்தையாக எழுது. சீக்கிரம் எழுது.